சுவருக்கு அங்கால கேட்ட சத்தம்

கிளின்ரனைப் பற்றி எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான் சொல்வார்கள். தன் தலையிடிக்காக அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடலில் சாகவிட்டவன் என்பார்கள். நான் லவினா, அவருடைய மனைவி. ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யார்ட்டில் கிளார்க். நாள் முழுக்க லொறிக்காரரோடு மல்லுக்கட்டுகிற வேலை, அதனால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிற பழக்கம் எனக்கு அறவே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாதக்கணக்காகப் பொத்திக்கொண்டு இருந்தேன். அப்படி இருக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினவரும் அவர்தான்.

கிளின்ரன் பிறந்து வளர்ந்தது கொழும்பில் இதே கொட்டாஞ்சேனையில், இதே வீட்டில். தகப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். மகனுக்கு உயரம் என்றால் நடுக்கம். ஆகவே நிலத்தில் இருந்து செய்கிற வேலையாகப் பார்த்து மருதானையில் இலெக்ட்ரோனிக்ஸ் படித்தார். ஆள் அதிகம் கதைக்க மாட்டார். கதைத்தாலும் பாதி வசனத்தில் நிறுத்திவிட்டு யோசிப்பார், மீதிக்கு நாம் காத்திருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் எனக்கு இது பெரிய எரிச்சல்.

நான் இந்த வீட்டுக்கு வந்த அன்று மற்ற மாப்பிள்ளைகள் என்ன செய்வார்களோ தெரியாது, இவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் சுவிட்ச் போர்ட்டுக்கு முன்னால் நிறுத்தினார். இது குசினி லைட், இது முன் அறை ஃபேன், இது ஒன்றுக்கும் போகவில்லை, இதில் கை வைக்காதே. ஒவ்வொன்றுக்கும் கீழே பேப்பர் வெட்டி எழுதி ஒட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போட்டுப் பார்த்தால் தெரியும்தானே என்றேன். போட்டுப் பார்க்க உனக்குக் கண் இருக்கிறது என்றார். அவருடைய வேலை என்னவென்று தெரிந்த பிறகுதான் அந்தப் பதில் எனக்கு விளங்கியது.

வெள்ளவத்தையில் ஒரு மாடியில் ஸவாஹிர் என்பவர் நடத்திய சின்னக் கொம்பனி. மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு பெட்டி செய்தார்கள். பலநாள் படகின் அடியில், எஞ்சின் கிடக்கிற இடத்தில் தண்ணீர் ஏறினால் மேலே இருக்கிறவர்களுக்குச் சொல்லும் பெட்டி. சிவப்பு லைட் எரியும், திரையில் எழுத்து வரும், பஸர் கத்தும். உள்ளே இருக்கிற சர்க்கிட் பலகை ஒரு சவர்க்காரக் கட்டி அளவுதான், ஆனால் அது முழுக் கம்ப்யூட்டர். வீட்டுக் கம்ப்யூட்டரில் எதையாவது செருகினால் அதுவாகவே இன்ன சாமான் என்று கண்டுபிடித்துக்கொள்ளும். இதற்கு அந்தக் கண் கிடையாது. பலகையின் கம்பிக் கால்களில் எதில் லைட், எதில் பஸர், தண்ணீரைப் பார்க்கிற கருவி எந்த முகவரியில் இருக்கிறது, அது எந்தக் கம்பியால் கூப்பிடும், அந்தக் கம்பியில் மின் வந்தால் தண்ணீரா, மின் போனால் தண்ணீரா, எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்புக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். மரம் மாதிரிக் கிளை கிளையாகப் போவதால் அந்தப் பெயராம். அதில் எழுதவில்லை என்றால், ஈயம் வைத்து ஒட்டின சாமானும் பலகைக்கு இல்லாத சாமான்தான். ஒவ்வொரு சாமானுக்கும் கீழே ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி போடலாம். அதில் ஓகே என்றால் சாமான் உண்டு, டிஸேபிள்ட் என்றால் இல்லை. எனக்கு அந்தக் கோப்பில் தெரிந்த ஒரே வரி இதுதான், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்த மரத்தை எழுதுகிறவர் கிளின்ரன். ஒருமுறை பலகையின் படம் கீறுகிற பெண் ஒரு கம்பியை வேறு காலுக்கு மாற்றிவிட்டு இவரிடம் சொல்ல மறந்துவிட்டாள். பெட்டி சொட்டுத் தண்ணீர் இல்லாமலே தண்ணீர் தண்ணீர் என்று கத்திக்கொண்டிருந்தது. எல்லோரும் கருவியில் பிழை என்று கருவியைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். இவர் படத்தையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது வாயில் ஒரு பாட்டு. அவர் பாடி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான், நல்ல வேளை.

ஒஃபிசுக்குக் கீழ்மாடியில் ஒரு டியூஷன் வகுப்பு நடந்தது. பஸர் கத்தினால் கணித மாஸ்டர் படியேறி வந்து நின்றுவிடுவார். அதனால் சத்தம் போடுகிற சோதனையை எல்லாம் கிளின்ரன் வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். மாஸ்டருக்கு இருக்கிறது காது, எனக்கு இருக்கிறது என்ன கத்தரிக்காயா என்று கேட்டேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக் கருவியை அதில் வைப்பார், பஸர் வீட்டைப் பிளக்கும், எடுப்பார், திரும்பவும் வைப்பார்.

எங்களுக்கும் நேசம் அன்ரி வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அங்கே தேங்காய் திருவினால் இங்கே கேட்கும். நேசம் அன்ரி, அவருடைய கணவர் ஹியூபேட் அங்கிள், ஒரே மகன் மெல்ரோய், அவ்வளவுதான் அந்த வீடு. மெல்ரோய் முகத்துவாரம் மீன்பிடித் துறையிலிருந்து பலநாள் படகில் போகிறவன். கிழமைக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு வந்தால் கரையில் இருக்கிற நாள் முழுக்க நித்திரைதான். அவனை எழுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. நேசம் அன்ரி பெயர் சொல்லிக் கத்தி, காலைப் பிடித்து இழுத்து, கடைசியில் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். அப்படிப்பட்டவன் கிளின்ரனின் பஸருக்கு எழும்பினான். முதல் முறை அது கத்தியபோது அங்கால இருந்து சுவரில் டமார் டமார் என்று அடி விழுந்தது.

"கிளின்ரன் அண்ணே, போட் தாழுதோ?"

பிறகு சாறத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டான். கண் இன்னும் ஒழுங்காகத் திறக்கவில்லை. அம்மாவால் ஏலாத வேலையை உங்கட சாமான் செய்யுது அண்ணே என்று சொல்லிவிட்டு, என்னிடம் பிளேன்டீ கேட்டு வாங்கிக் குடித்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் சுவரில் தட்டுவது அவனுக்கு ஒரு விளையாட்டு. அவன்தான் படகு முதலாளியை அரித்து அரித்து அந்தப் பெட்டிக்குச் சம்மதிக்க வைத்தவன். எங்கட பக்கத்து வீட்டு அண்ணன் செய்த சாமான் என்று படகுத்துறை முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

அந்த நாட்களில்தான் ஹியூபேட் அங்கிள் மோசம் போனார். பகல் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் உடம்பு எடுக்கும்வரை யாரும் ரேடியோ போட மாட்டார்கள், டிவியைத் திறந்தாலும் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். மிக்ஸியில் அரைப்பதைக்கூட வேறு ஒழுங்கையில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் போய் அரைத்துக்கொண்டு வருவார்கள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. சுவர் இவ்வளவு மெல்லிசாக இருக்கிற இடத்தில் வேறு எப்படி மரியாதை செய்வது?

கிளின்ரன் சாவு வீட்டுக்குப் பந்தல் லைட் கட்டப் போயிருந்தார். மேசையில் ஒரு பெட்டி தானாகவே இடைக்கிடை கத்துகிற நீண்ட சோதனையில் ஓடிக்கொண்டிருந்தது அவருக்கு மறந்துபோய்விட்டது. செபமாலை நடுவில், எல்லோரும் முழந்தாளில் நிற்கும்போது, அது கத்தத் தொடங்கியது. ஓடி வந்தார். அவர் பின்னாலேயே நேசம் அன்ரியும் எங்கள் வாசலுக்கு வந்தார். கோபம் ஒன்றுமில்லை, அழுது அழுது குரல் அடைத்துப் போயிருந்தது.

"கோவிக்காத தம்பி. அங்கிளை எடுக்கும் மட்டும் அந்தச் சத்தத்தை நிப்பாட்டி வைப்பியோ?"

ஒரு தலையணையைப் போட்டு அமத்துங்கோ என்று நான் சொன்னேன். அது போதாது என்றார் கிளின்ரன். பெட்டியை அணைத்துவைத்தால் ஒஃபிஸ் கேட்ட நாளுக்குச் சோதனை முடியாது. பெட்டி சீல் வைத்து மூடியிருந்தது, வயரைக் கழற்றவென்று திறந்தால் தண்ணீர் புகாத சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். அரைகுறையாகச் சத்தம் தப்பி அந்த வீட்டுக்குப் போவதற்கும் அவருக்கு மனமில்லை. லாப்டொப்பில் அந்த மரக் கோப்பைத் திறந்தார். பஸருக்குக் கீழே ஓகே என்று இருந்ததை டிஸேபிள்ட் என்று மாற்றினார். மேசையில் கிடந்த ஒரு பெட்டிக்கு மட்டும் தனித் துண்டாக எழுதுகிற வழி இருந்ததாம். அதுதான் முறை என்று பிறகு அவரே என்னிடம் சொன்னார். ஆனால் சுவருக்கு அங்கால செபமாலை திரும்பவும் தொடங்கிவிட்டது, அவசரத்தில் எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான கோப்பிலேயே கை வைத்துவிட்டார். பஸர் நின்றது.

அங்கிளின் சவப்பெட்டியைத் தூக்கின ஆட்களில் கிளின்ரனும் ஒருவர். அடுத்த நாள் காலையில் நேரே ஒஃபிசுக்குப் போனார். அங்கே பெட்டிகளுக்குள் ஏற்றக் கோப்பு வேண்டும் என்று ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்துவிட்டார். பஸர் சோதனை எப்போதோ முடிந்து சரி போட்டாயிற்று, அதனால் யாரும் திரும்பப் பார்க்கவில்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது. பஸர் இல்லாத மலிவான பெட்டியும் அவர்கள் விற்றார்கள். இரண்டுக்கும் ஒரே புரோகிராம்தான், பஸர் இருக்கிறதா இல்லையா என்பதை அது இந்த மரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். மரத்தில் இல்லை என்று இருந்தால், ஓ, இது மலிவான பெட்டி என்று நினைத்து லைட்டை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். பிழை என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

ஒஃபிசிலிருந்து நப்ரீஸ் என்ற பொடியன் போய் முகத்துவாரத்தில் மெல்ரோயின் படகுக்குப் பெட்டியைப் பூட்டினான். வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், லைட் எரிந்தது, திரையில் எழுத்தும் வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பஸர் கேட்கவில்லை என்று அந்த இரைச்சலில் யாருக்கும் தோன்றவில்லை. மெல்ரோய் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து எங்களுக்கு அனுப்பினான். கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான் அதில்.

ஆனி மாதக் காற்றில் அந்தப் படகு தாழ்ந்தது. பின்பக்கத்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. மெல்ரோயின் காவல் முறை, மற்ற நாலு பேரும் படுத்திருந்தார்கள். விடியப்போகிற நேரம் எஞ்சின் நின்று, அந்த அமைதியில்தான் படகுக்குப் பொறுப்பான ஸ்கிப்பர் கண் விழித்தாராம். சுக்கானுக்குப் பக்கத்தில் மெல்ரோய் தலை கவிழ்ந்து நித்திரை. அவனுக்கு மேலே சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. ஸ்கிப்பர் உலுக்கியதும் எழும்பி, ஒரு வார்த்தை பேசாமல் கைப்பம்பை அடிக்கக் கீழே இறங்கினான். படகு சரிந்தது. நாலு பேரைப் பக்கத்தில் நின்ற படகு தூக்கியது. மெல்ரோய் மேலே வரவில்லை, அவனுடைய உடம்பும் கிடைக்கவில்லை. ஒரு படத்தை மேசையில் வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, அதற்கு முன்னால் உட்கார்ந்து அழுதோம்.

படகு முதலாளி சாவு வீட்டு வாசலில் வைத்தே சொன்னான், உங்கள் மகன் தூங்கினதால்தான் எல்லாம் போனது என்று. பெற்றவளுக்கு முன்னால் இதைச் சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ. நித்திரை கொண்டு போட்டைத் தாட்டவன் என்று முகத்துவாரம் முழுக்க அதே பேச்சு. நேசம் அன்ரி மீன் வாங்கப் போனால் அங்கே நடக்கிற கதை நிற்கும். கோயிலில் முன்வரிசை வாங்கில் இருந்தவர் கடைசி வாங்குக்குப் போனார். பிறகு அந்தக் கோயிலையே விட்டுவிட்டு பஸ் ஏறி வேறு கோயிலுக்குப் போகத் தொடங்கினார்.

கிளின்ரனை ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு எழும்பாமல் எப்படி இருந்தான் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு பின்னேரம் அல்மாரிக்குள் கிடந்த பெட்டியை எடுத்து, படகுக்குப் போன அதே கோப்பைப் புதிதாக ஏற்றி, கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக் கருவியை அதில் வைத்தார். லைட் எரிந்தது. நான் காதைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினேன். ஒரு சத்தமும் வரவில்லை. அவர் லைட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அன்றே ஓடிப்போய் ஸவாஹிரிடம் சொன்னார். ஸவாஹிர் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். மற்றப் படகுகள் எல்லாவற்றுக்கும் உடனே செய்தி கொடுத்து, ஒன்று விடாமல் திருத்தினார்கள். ஆனால் மெல்ரோயின் படகைப் பற்றி மட்டும் வாய் திறக்க வேண்டாம் என்று கெஞ்சினார். பெட்டி கடலுக்கு அடியில் கிடக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை, போன பிள்ளை திரும்பி வரப் போவதுமில்லை, வெளியே தெரிந்தால் இங்கே வேலை செய்கிற எல்லோருடைய சோறும் போகும் என்றார். கிளின்ரன் வீட்டுக்கு வந்து படுத்தார்.

அடுத்த நாள் காலையில் சுவருக்கு அங்கால நேசம் அன்ரியின் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அவர் மகனுடைய படத்தைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தார்.

"ஏனடா நித்திரை கொண்டனீ? எல்லாரையும் நம்பவச்சிட்டு ஏனடா நித்திரை கொண்டனீ?"

கிளின்ரன் பிளேன்டீயைக் கீழே வைத்தார். நான் சொல்லப்போறன் லவி என்றார். சொல்லத்தான் வேண்டும் என்று நானும் சொன்னேன். எங்கள் சண்டை அதற்குப் பிறகு வந்தது. ஏன் நிப்பாட்டினாய் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். தலையிடி, சத்தம் தாங்கவில்லை, அதனால் நிப்பாட்டினேன் என்று சொல்வாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் செய்தது சாவு வீட்டுக்கு மரியாதை, வாங்கப் போவது செருப்படி, பைத்தியமா உங்களுக்கு என்று கத்தினேன். அவர் என் வாயைப் பொத்தினார், சுவரைக் காட்டினார்.

"லவி, அன்ரி கேட்டு நிப்பாட்டினது எண்டு தெரிஞ்சா, புருசனுக்காகக் கேட்டு மகனைக் குடுத்தது மாதிரி அவவுக்கு இருக்கும். என்னை ஏசினா ரெண்டு நாளைக்கு நோகும். அவ அதோட எப்பிடி இருப்பா?"

தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார்.

மெல்ரோயின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் நேசம் அன்ரி வீட்டில் கூடியிருந்தார்கள். ஸ்கிப்பர் வந்திருந்தார், படகு முதலாளியும் வந்திருந்தான். சாப்பாட்டுக்கு முன்னால் கிளின்ரன் எழும்பி நின்றார். நாலு பேருக்கு முன்னால் கதைக்கத் தெரியாத மனுஷன், அன்றைக்கு ஒரு வசனத்தைக்கூடப் பாதியில் விடவில்லை. பெட்டியில் பஸர் வேலை செய்யவில்லை, அதை இல்லை என்று எழுதி வைத்தது நான், திரும்ப மாற்ற மறந்ததும் நான், களைத்துப்போய்க் கண் அயர்கிற ஆளை எழுப்பத்தான் அந்தச் சாமான், அது எழுப்பவில்லை, மெல்ரோயில் பிழை இல்லை என்று சொன்னார். ஸ்கிப்பர் தலையில் கை வைத்துக்கொண்டு, ஓம், லைட் எரிந்தது, சத்தம் ஒன்றும் கேட்கவில்லைதான் என்று அழத் தொடங்கினார். படகு முதலாளி எழும்பி வந்து கிளின்ரனின் கன்னத்தில் அறைந்தான். நான் பாய்ந்தேன், பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

நேசம் அன்ரி கதிரையை விட்டு அசையவில்லை. ஏன் தம்பி நிப்பாட்டினனீ என்று மட்டும் கேட்டார்.

"தலையிடி, அன்ரி. சத்தம் தாங்கேல்லை."

அன்ரி அவருடைய முகத்தையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைய சாப்பாட்டை ஒருவரும் தொடவில்லை.

வேலை போனது. விசாரணைக்கு வந்தவர்களிடமும் அதே தலையிடிக் கதையைத்தான் சொன்னார். இப்போது வெள்ளவத்தையில் ஒரு கடையில் வோஷிங் மெஷின் பலகை திருத்துகிறார். ஒழுங்கையில் எவரும் எங்களுக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நத்தாருக்கு வீட்டுக்கு வீடு கேக் தட்டு போகும், எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போனது. நான் அனுப்பின தட்டுகள் மூடின துணி திறக்காமலே திரும்பி வந்தன. சந்திக் கடைக்கு ஏதும் வாங்கப் போனால், பனடோல் தரட்டுமா, தலையிடிக்கு நல்லது என்று சிரிப்பார்கள். ஐயோ, அந்த நேரமெல்லாம் என் நாக்கு துடித்த துடிப்பு ஆண்டவருக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து அவர் மேல் எரிந்து விழுவேன். அவர் திரும்பிப் பேச மாட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முகத்துவாரத்தில் கதை மாறியது. பம்ப் அடிக்கப் போய்ச் செத்த பொடியன் என்று மெல்ரோயைச் சொல்லத் தொடங்கினார்கள். நேசம் அன்ரி பழைய கோயிலுக்கே திரும்பி வந்து முன் வாங்கில் இருந்தார். அதைப் பார்த்த அன்று கிளின்ரன் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

எங்களோடு மட்டும் அன்ரி கதைக்கவில்லை. சுவருக்கு அங்கால தேங்காய் திருவுகிற சத்தத்தைக் கேட்டு, ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வோம்.

ஹியூபேட் அங்கிளின் ஆண்டுப் பூசை வந்தது. நாங்கள் கோயிலில் பின்னால் நின்றுவிட்டு யாரையும் பார்க்காமல் வந்துவிட்டோம். நான் உடுப்புக்கூட மாற்றவில்லை, கதவில் தட்டிச் சத்தம். திறந்தால் நேசம் அன்ரி, கறுப்புச் சேலையோடு. உள்ளே வந்து, கேட்காமலே கதிரையில் இருந்தார். கிளின்ரன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"நீ பொய் சொன்ன நேரமே எனக்குத் தெரியும், தம்பி."

கிளின்ரன் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"நான் சொல்லித்தான் நிப்பாட்டினனீ. அங்கிளை எடுத்த பிறகு ஒவ்வொரு நாளும் காதைக் குடுத்துக்கொண்டிருந்தனான், இனித் தொடங்குவான், இனித் தொடங்குவான் எண்டு. அது பிறகு கேக்கவே இல்லை. நல்ல பொடியன், எனக்காக வேற எங்கயோ கொண்டுபோய்ச் செய்யிறான் எண்டு நினைச்சன். நான் ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாம். கேக்கேல்லை."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். கிளின்ரன் தரையில் இருந்துவிட்டார், அப்படியில்லை அன்ரி, பிழை என்னுடையது, மறந்தது நான்தானே என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னார். அந்தச் சாமான் இன்னும் இருக்கிறதா என்று அன்ரி கேட்டார். இருக்கிறது என்றார். அதைப் போட்டுக் காட்டு, எனக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்றார் அன்ரி.

வேண்டாம் அன்ரி என்று நான் சொல்லப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பேசாமல் போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன். கிளின்ரன் அல்மாரியைத் திறந்து பெட்டியை எடுத்தார், லாப்டொப்பைத் திறந்தார். ஒஃபிசில் திருத்தியிருந்தாலும் இதில் அந்த வரி அப்படியே இருந்தது. கடந்த மாதங்களில் அவர் அதைத் தொடவே இல்லை. அன்ரி குனிந்து திரையில் விரலை வைத்து, இந்தச் சொல்லோ என்று கேட்டார். ஓம் என்றார். அன்ரி விரலை எடுத்த பிறகு கிளின்ரன் அதை அழித்துவிட்டு ஓகே என்று எழுதினார். கோப்பை ஏற்றினார். பெட்டி நின்று திரும்ப எழும்பியது. பிறகு கருவியைத் தண்ணீரில் வைத்தார்.

அது கத்தியது. இவ்வளவு நாளும் கேட்காமல் இருந்த காதுக்கு நெஞ்சில் இடித்த மாதிரி இருந்தது. ஒழுங்கையில் கதவுகள் திறந்தன. யாரோ ஒரு ஆள் எங்கள் வாசலுக்கு வந்து ஏசத் தொடங்கினான், உள்ளே நேசம் அன்ரி இருப்பதைக் கண்டு வாயை மூடிக்கொண்டான். அன்ரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், அந்தச் சத்தத்தை முழுக்கக் கேட்டார்.

"சுவருக்கு அங்கால கிடந்தே இதுக்கு எழும்பினவன், தம்பி."

கிளின்ரன் அழுதார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். கிண்ணத்திலிருந்து கருவியை எடுக்கக் கையை நீட்டினார். எடுக்காதே, இருக்கட்டும் என்றார் அன்ரி. பஸர் கத்திக்கொண்டே இருந்தது. அவர் கதிரையில் திரும்பி, தன் வீட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அங்கால இருந்து யாரும் தட்டவில்லை.